ஒரு நாள் கூலிக்கு எத்தனை டின்

பிலோமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு நாட்டுக் கூலியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எதில் வயிறு நிறையும் என்று சொல்வதற்கு அவளை விட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆள் கிடையாது. ஆபீஸில் பேனா பிடிக்கிற கிராணி தங்கையாவே அவளிடம் தோற்றுப் போயிருக்கிறார். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைப்பேன். நினைத்தவுடன் கோபம் வந்துவிடும், விட்டுவிடுவேன். எங்கள் அப்பாவை அனுப்பி வைத்தது அவளுடைய கணக்கு. இப்போது கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் அதையும் கழித்துக்கொண்டு படிக்கட்டும்.

எங்கள் தோட்டம் மலாய் நாட்டு மலையில், திரிங்காப்பைத் தாண்டி கோலா தெர்லா போகிற வழியில் ஒரு சரிவில் இருந்தது. கூலிக்காரர் வரிசை வீடுகளான லயனில் எங்கள் வீடும் பிலோமி வீடும் அடுத்தடுத்து, நடுவே ஒற்றைப் பலகைச் சுவர். அந்தப் பக்கம் சிலுவை, இந்தப் பக்கம் மாரியம்மன் படம். அவளும் அவள் புருஷன் அகஸ்டினும் முப்பத்தைந்தாம் வருடம் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலை மலையிலிருந்து இங்கே வந்தவர்கள். எங்கள் அப்பா வேலப்பனை அவள் அண்ணன் என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு அவள் அத்தை. எங்கள் அம்மா மணியம்மாவும் அவளும் ஒரே நிரையில் கொழுந்து பறிப்பார்கள். சட்டியில் குழம்பு மிஞ்சினால் சுவரைத் தட்டினால் போதும்.

பிலோமியின் அண்ணன் கிரகரி இலங்கையிலேயே தங்கிவிட்டார். வருடத்துக்கு இரண்டு கடிதம் போகும், இரண்டு வரும். இந்தப் பக்கம் எழுதுகிறவர் அகஸ்டின். அவருக்கு முத்து முத்தான கையெழுத்து. கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை துணை என்று போட்டதும் அடுத்த வரி கூலிதான். சுகமா, செத்தவர் யார், பிறந்தவர் யார் என்பதெல்லாம் அதற்கப்புறம். இங்கே ஒரு நாள் கூலி இவ்வளவு, அரிசி விலை இவ்வளவு, அங்கே எவ்வளவு? குடும்பமே அப்படித்தான்.

அவள் வந்த புதிதில் கிராணி தங்கையா கேலி செய்தாராம். "அங்க நாப்பத்தொம்போது சென்ட், இங்க அம்பது சென்ட். ஒத்தக் காசுக்காகவா கடலத் தாண்டி வந்தீங்க?" அந்த ஊர்ச் சென்டும் இந்த ஊர்ச் சென்டும் ஒன்றில்லை, நூறு சென்ட் சேர்ந்த இங்கத்து ஒரு வெள்ளி அங்கே ஒன்றரை ரூபாய் என்று அகஸ்டின் சொல்லியிருக்கிறார். பிலோமி இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. "காச யாருங்க திங்கிறா? ஒரு நாள் கூலிக்கு எத்தன டின் அரிசி? அதச் சொல்லுங்க."

டின் என்றால் கட்டிப்பால் டின். காலி டின்னில்தான் இங்கே எல்லா வீட்டிலும் அரிசி அளப்போம். இலங்கையிலும் அப்படியே. படி மாறும், இந்த ஊர்க் கட்டி எடை மாறும், ராத்தல் மாறும், பால் டின் மாறாது. வெள்ளைக்காரன் எல்லா ஊருக்கும் ஒரே அளவில்தான் பால் விற்றான். அந்த டின்னைக் கொண்டு அளந்தால் இங்கே ஐம்பது சென்ட்டுக்குப் பதினாறு டின் அரிசி. அங்கே நாற்பத்தொன்பது சென்ட்டுக்குப் பத்து டின். தங்கையா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார்.

அடுப்புக்கு மேலே சுவரில் அவள் அதைக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தாள். இடது பக்கம் இந்த நாடு, வலது பக்கம் இலங்கை. வருடத்துக்கு ஒரு வரிசை, ஒரு டின்னுக்கு ஒரு கோடு. பதினாறுக்குப் பத்து, பதினேழுக்குப் பத்து, ரப்பர் விலை விழுந்து எல்லாத் தோட்டத்திலும் கூலியைக் குறைத்த வருடம் பதிமூன்றுக்குப் பத்து. ஆம்பளைக் கூலி மட்டும்தான் சுவரில். பொம்பளைக் கூலி வேண்டுமென்றால் ஐந்தில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாட்டிலும் அப்படித்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நாட்டுத் துரைமாருக்கும் ஒரே மனசு. வருடா வருடம் லயனுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வரும்போது, பிலோமி வேலைக்குப் போகாமல் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொள்வாள். அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள்.

ஆட்கள் அவளிடம் யோசனை கேட்க வருவார்கள். கெடாவில் ரப்பர் வெட்டப் போகலாமா, ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்று. அவள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அங்கேர்ந்து யாரு எழுதுனா?" அங்கே வேலை செய்து, அங்கே அரிசி வாங்கித் தின்கிற ஆள் கைப்பட எழுதியிருக்க வேண்டும். கங்காணி சொன்னான், கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள் என்றால் கரியை எடுக்கவே மாட்டாள். அவள் அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏறியதும் ஒரு கடிதம் வந்த பிறகுதான். அவள் இங்கே வந்ததும் அகஸ்டினின் கூட்டாளி ஒருவர் எழுதிய பிறகுதான். கடிதம் முதலில், காலடி பிறகு. அந்தக் குடும்பம் அதை வேதம் போல வைத்திருந்தது.

நாற்பத்தொன்றாம் வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரு நாள் காலையில் நாயையும் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனவர்தான். கிரகரியின் கடைசிக் கடிதம் அதற்கு இரண்டு மாதம் முன்னால் வந்தது. அதோடு சுவரின் வலது பக்கம் நின்று போயிற்று. இடது பக்கத்தில் அடுத்த வருடம் ஐந்து கோடு. பாதிச் சரிவில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட வைத்தார்கள். கூலியை வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டில் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று பிறந்தபோது ஒரு நாள் கூலி அறுபது சென்ட். கேட்க நன்றாயிருக்கிறதா? பிரிஞ்சாங் கடைத்தெருவில் ஒளித்து விற்கிற அரிசி ஒரு டின் முப்பது சென்ட். சுவரில் இரண்டே இரண்டு கோடு போட்டுவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பதினாறு இருந்த இடத்தில் இரண்டு. நாங்கள் காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, இராத்திரி அதன் இலை என்று தின்றோம். எப்போதாவது பங்கீட்டில் ஒரு பிடி பழைய வெள்ளை அரிசி வந்தால், அதைக் கஞ்சியாக நீட்டுவோம்.

பிலோமிக்கு ஒரே குழந்தை, பார்பரா, நாலு வயது. அந்த மாசி மாதத்தில் அதற்குக் கால் வீங்கத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கினால் குழி விழும், குழி எழும்பாது. நடந்துகொண்டிருந்த பிள்ளை உட்கார்ந்தே இருந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பார்த்துவிட்டு, மருந்து இல்லை, நல்ல சாப்பாடு கொடு என்றார். நல்ல சாப்பாடு என்றால் எங்களுக்கு அரிசிதானே? பிலோமிக்கு அதற்கப்புறம் வேறு நினைப்பே இல்லை. பறிக்கிற நிரையில் நிற்கும்போதும் அவள் வாய் டின் டின் என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மகளைச் சாக விடக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எங்களை நிற்க வைத்து கிராணி தங்கையா ஒரு காகிதத்தைப் படித்தார். பக்கத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், ஆள் வேண்டுமாம். மூன்று மாதம். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு சும்மா, தங்க இடம் சும்மா. போகிறவன் குடும்பத்துக்கு இங்கே அரிசி கூடுதலாகத் தருவார்கள்.

பொம்பளைகள் வரிசையிலிருந்து பிலோமிதான் கேட்டாள். "கிராணிய்யா, சும்மா குடுக்குற அரிசி ஒரு நாளைக்கு எத்தன டின்?"

தங்கையா அதிகாரியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "மூணு டின் வரும்."

"கூலி கையில குடுப்பாங்களா?"

"கையிலதான்லா. எழுதியிருக்கே."

ஒரு வெள்ளிக்கு மூன்று டின், சும்மா வருவது மூன்று டின். சாயங்காலம் அவள் சுவரில் ஆறு கோடு போட்டாள். இலங்கைக்காக விட்டிருந்த வெற்றிடத்தில், இந்த நாட்டின் இரண்டு கோட்டுக்கு எதிரே, சயாமின் ஆறு. யாரும் அங்கிருந்து எழுதவில்லை. முதல் தடவையாக அவள் கடிதம் இல்லாமல் கோடு போட்டாள்.

பலகைச் சுவர் என்றேன் அல்லவா, அன்று அவர்கள் பேசியது எங்களுக்கு முழுசாகக் கேட்டது. அகஸ்டின் அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார்.

"சயாம்லேர்ந்து யாரு எழுதுனா பிலோமி?"

"இந்தக் காலத்துல எந்த ஊர்லேர்ந்துங்க கடுதாசி வருது? ஒங்க மச்சானே ஒன்றர வருசமா எழுதல."

"நீதானே எல்லார்கிட்டயும் கேப்ப, யாரு எழுதுனான்னு. இப்ப நான் கேக்குறேன்."

"கிராணி எழுத்துப் பாத்துப் படிச்சாரு. பொய்யா படிப்பாரு?"

அப்புறம் அவள் குரல் மாறியது. "பாப்பா கால அமுக்கிப் பாருங்க. பாத்துட்டு, போகலன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் அமுக்கிப் பார்த்திருப்பார். பிறகு, "மூணு மாசந்தானே" என்றார்.

மறுநாள் லயனே அவள் வாசலில் நின்றது. சயாம் எவ்வளவு, சயாம் எவ்வளவு என்று. அவள் சுவரைக் காட்டினாள். எங்கள் அப்பாவும் போய்ப் பார்த்தார். "ஆறு, அண்ணே. இங்க ரெண்டு" என்றாள். அம்மா மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமா அக்கா?" என்று கேட்டாள். "கணக்குத் தப்பாது மணியம்மா" என்று பிலோமி சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குப் பதினாறு வயது. ஆறு டின் என்றதும் என் வாயிலும் எச்சில் ஊறியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லயனிலிருந்து பதினொரு பேர். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை லோரி வந்தது. தாப்பா வரைக்கும் லோரி, அங்கிருந்து ரயில். அகஸ்டின் ஏறும்போது பிலோமி அளக்கிற டின்னை அவர் பைக்குள் வைத்தாள். "தெனமும் மூணு டின் குடுக்குறாங்களான்னு அளந்து பாருங்க. கொறச்சா கேளுங்க." அவர் சிரித்தார். எங்கள் அப்பா லோரிப் பலகையைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "ருக்கு, அம்மாவுக்கு வெறகு ஒடச்சுக் குடு" என்றார். பனியில் லோரி இரண்டாவது வளைவிலேயே மறைந்துவிட்டது.

கூடுதல் அரிசி ஒரு தடவை வந்தது. ஆளுக்கு நாலு டின், வெள்ளையாகத் தீட்டின அரிசி, பாதி புழு. பிலோமி ஒரு மணியையும் தான் தின்னாமல் பார்பராவுக்கே ஆக்கிப் போட்டாள். வீக்கம் தொடைக்கு ஏறியது. ஆடி மாதம் பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திரிங்காப்பில் ஒரு சீனத் தோட்டக்காரரிடம் தேயிலைத் தூள் கொடுத்துக் கீரை மாற்றிக்கொள்ள அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். கிழவர் பிள்ளையின் காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பன்றிக் கொட்டகைக்குப் போய், ஒரு சட்டி நிறையத் தவிடு அள்ளி வந்து பிலோமியின் முந்தானையில் கொட்டினார். வறுத்து, வெந்நீரில் கரைத்து, தினமும் கொடு என்று அரைகுறை மலாயில் சொன்னார். காசு கேட்டதற்குக் கையை ஆட்டினார். பன்றிக்குப் போடுகிறதுக்குக் காசா?

பத்து நாளில் வீக்கம் இறங்கியது. மூன்றாவது வாரம் பார்பரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரு தாய்க்கு அன்று என்ன சந்தோஷம் இருக்க வேண்டும்! பிலோமி பிள்ளையை எங்கள் வீட்டில் உட்கார வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடினாள். ஓடியதை நான் பார்த்தேன், பின்னாலேயே போனேன்.

"கிராணிய்யா, அவரத் திரும்பக் கூப்புட்டுருங்க. எங்களுக்கு அரிசி வேணாம். புள்ளக்கிச் சரியாயிருச்சு."

"சயாம் என்ன, பக்கத்து டிவிஷனா?" என்றார் தங்கையா.

"மூணு மாசம் முடிஞ்சுருச்சே. கடுதாசியாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரல பிலோமி." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "நான் காயிதத்துல இருந்ததப் படிச்சேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளை அரிசியை டின் டின்னாகக் கணக்குப் பார்த்தே காலம் கழித்தவள். பிள்ளைக்கு வேண்டியிருந்தது, தீட்டும்போது கீழே கொட்டுகிற தவிடு. அதற்கு விலையே இல்லை, அதனால் அது அவள் சுவரில் ஒரு நாளும் ஏறவில்லை. இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், இந்தக் கிழவர் நாலு மாதம் முன்னால் எங்கே போயிருந்தார் என்ற ஒரே ஆத்திரம்தான்.

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, வருடமாயிற்று. ஒரு வரி வரவில்லை. இரண்டாம் தடவை ஆள் கேட்டு வந்தபோது யாரும் பிலோமியிடம் கேட்கவில்லை. ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள், பிடிபட்டவர்களை லோரியில் ஏற்றினார்கள். அம்மா பலகைச் சுவரின் இடுக்கிலெல்லாம் சாக்கை வைத்து ஆணி அடித்தாள். அந்தப் பக்கத்துச் சத்தம் தன் காதில் விழக்கூடாதாம். பிலோமியும் தட்டவில்லை. இரண்டு பெண்களும் ஒரே நிரையில் கொழுந்து பறித்தார்கள், ஒரு வார்த்தை இல்லாமல். நான் அத்தை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். பெயர் சொல்லவும் வாய் வரவில்லை. வழியில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அவள் நின்று பார்ப்பாள்.

சண்டை முடிந்து, நாற்பத்தைந்து டிசம்பரில் இருவர் திரும்பினார்கள். பதினொரு பேரில் இருவர். ஒருவனுக்குப் பேச்சே வரவில்லை. இன்னொருவன் தங்கராஜு. முப்பது வயது ஆள், அறுபது வயதுக்காரன் போல வந்து நின்றான். லயன் முழுக்கக் கூடிவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஒவ்வொரு பெயராகச் சொன்னான். எங்கள் அப்பா, முதல் மழையில் காய்ச்சல், குளிர் கண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எந்த இடம் என்று அம்மா கேட்டாள். அவனுக்குப் பெயர் தெரியவில்லை. மூங்கில் காடு, பக்கத்தில் ஆறு, அவ்வளவுதான் தெரியும்.

அகஸ்டின் மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வாந்திபேதியில் போனார். தங்கராஜு தன் பையிலிருந்து அந்தப் பால் டின்னை எடுத்து பிலோமியிடம் கொடுத்தான். அடிப்பக்கம் கரி பிடித்திருந்தது. அதில்தான் வெந்நீர் வைத்துக் குடித்தார்களாம்.

"தெனமும் அளந்து பாப்பாருக்கா. மொத மாசம் மூணு டின் சரியா இருந்துச்சு. கூலியும் குடுத்தானுங்க, ஒரு நாளக்கி ஒரு வெள்ளி. அது பொய்யில்ல. பிலோமி கணக்குச் சரியாத்தான் இருக்குன்னு எங்ககிட்டச் சொல்லுவாரு." அவன் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "அவரு சேத்து வச்சிருந்த காசு என்கிட்டதான் இருந்துச்சு. நான் காய்ச்சல்ல கெடக்கும்போது, சயாம்காரிகிட்ட முட்ட வாங்கித் தின்னுட்டேன். மன்னிச்சுருங்கக்கா."

"நல்லது தம்பி. தின்னியே, அது போதும்" என்றாள் பிலோமி. டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அழுகிற சத்தம் வரும் என்று எல்லாரும் நின்றோம். வரவில்லை. அது அழுகையை விட மோசமாக இருந்தது. கணக்குச் சரியாத்தான் இருக்கு என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் செத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றும். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அடுத்த வருடம் புதுத் துரை வந்து லயனுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். ஆட்கள் பிலோமி வீட்டுக்குள் போனபோது அவள் பழையபடி அடுப்புச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இன்னுமா இந்தக் கரிய வச்சிக்கிட்டிருக்க? நகரு, அழிச்சுட்டு அடிச்சர்றோம்" என்றான் ஒருவன்.

"வேணாம். அழிச்சுட்டா யாரு போட்டான்னு தெரியாமப் போயிரும்."

அவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு அடித்தார்கள். புதுச் சுண்ணாம்புக்கு நடுவில் அந்தக் கறுப்புச் சதுரம் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். கடைசி வரிசையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் ஆறு.

அந்த வாரமே கிரகரியின் கடிதம் வந்தது. நாலரை வருடத்துக்குப் பிறகு முதல் கடிதம். லயனில் நன்றாகப் படிக்க எழுதத் தெரிந்த ஆம்பளைகள் சயாமுக்குப் போனதில் போனார்கள். மிச்சம் நாலாம் வகுப்பு வரை படித்த நான்தான். பிலோமி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வெளியே நின்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் போகாதே என்று என்னிடம் சொல்லவில்லை. நான் பிலோமி வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

சேசு மரி சூசை துணை. அடுத்த வரி கூலி. பஞ்சப்படியும் சேர்த்து இங்கே இப்போது எட்டு டின், அங்கே எவ்வளவு? இங்கே மறுபடி வேலை குறைகிறது. மூத்தவன் அந்தோணிக்குப் பத்தொன்பது வயதாகிறது, கப்பல் விட்டதும் அவனை அங்கே அனுப்பலாமா என்று இருக்கிறேன். உன் கணக்கு இதுவரை பொய்த்ததில்லை தங்கச்சி. நீ சொல்வதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளை கைப்பட உடனே பதில் எழுதச் சொல்லவும்.

நான் படித்து முடித்ததும் பிலோமி எழுந்து போய்க் காகிதமும் மைக்கூடும் கொண்டு வந்தாள். அகஸ்டினின் பேனா. பார்பரா வாசலில் கல்லுக்குக் கல் தாவி விளையாடிக்கொண்டிருந்தது. ஏழு வயது, கால் குச்சி மாதிரி, ஆனால் வீக்கம் இல்லை.

சேசு மரி சூசை துணை என்று எழுதினேன். எனக்கு அந்த வார்த்தைகள் புதிது. எழுதிவிட்டு, "கூலி எவ்வளவுன்னு போட?" என்றேன். அவளிடம் நான் பேசியது மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அவள் சுவரைப் பார்த்தாள். புது வருடத்துக்கு அவள் இன்னும் கோடு போடவில்லை. வெள்ளைக்காரன் திரும்ப வந்த பிறகு கூலி ஏறியிருந்தது, அரிசி விலை அதைவிட ஏறியிருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பாள். போடாமல் அவளால் இருக்க முடியாது. உதடு அசைந்தது. ஆனால் எண் எதுவும் வெளியே வரவில்லை.

"கூலி போடாத ருக்கு."

"உங்க அண்ணன் அதத்தானே கேக்குறாரு? பையன அனுப்பலாமா வேணாமான்னு?"

"கூலி எழுதுற எடத்துல அவர் பேர எழுது. அகஸ்டின்னு."

எழுதினேன்.

"அதுக்குக் கீழ எழுது." அவள் அடுத்த பெயரைச் சொன்னாள். கடைசி வீட்டுக்காரர். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திரும்பாத ஒன்பது பேரையும் அவள் வரிசையாக மனப்பாடம் வைத்திருந்தாள், லோரியில் எந்த வரிசையில் ஏறினார்களோ அந்த வரிசையில். மூன்றாவதாக ஏறியவர் யாரென்று எனக்கும் தெரியும். என் கை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"வேலப்பன்னு எழுது."

வேலப்பன் என்று எழுதினேன். சொந்த அப்பா பெயரை அன்றுதான் முதல் தடவையாக ஒரு கடிதத்தில் எழுதினேன். எழுத்து கோணிப் போயிற்று. சாக்கு அடித்த பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா விறகு உடைக்கிற சத்தம் நின்றது.

பேனாவை மைக்கூட்டில் தொட்டுக்கொண்டு, "அடுத்த பேரச் சொல்லுங்க" என்றேன்.